மாடித் தோட்டத்துக்கு இயற்கை மண் கலவை: தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாமே கலக்கும் முறை

ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். தரையில் பயிர் செய்பவருக்கு அந்தக் கணக்கு சரி. மாடியில் பை வைத்து வளர்க்கிற நமக்கு வேலை ஆனி பிறந்ததுமே தொடங்கிவிடுகிறது. ஆடியில் நாற்று நட வேண்டுமென்றால், அது போய் உட்காரும் மண்ணை ஒரு மாதம் முன்பே கலந்து ஆற வைத்திருக்க வேண்டும். இந்த ஒரு மாதத்தைக் கொடுக்காததால்தான் மாடித் தோட்டங்களில் நிறையச் செடிகள் போகின்றன.

என் முதல் வருடக் கதையும் அதுதான். ஒரு லோடு செம்மண், கூடவே ஒரு விற்பனையாளரிடம் நாலு மூட்டை சாண உரம். சரிபாதி கலந்து, அன்றைக்கே பன்னிரண்டு பைகளில் தக்காளி நாற்று நட்டேன். பத்து நாளில் இலை ஓரம் கருகியது. தப்பிப் பிழைத்தவையும் ஒரு முழம் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. கடைசியில் ஒரு பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே நாலு அங்குலம் மட்டும் வெள்ளை வேர். அதற்குக் கீழே மண் செங்கல் மாதிரி இறுகி, அடியில் கறுத்து, சாக்கடை வாடை அடித்தது. ‘உரம் பத்தவில்லை’ என்று நினைத்து வாரம் ஒரு முறை புண்ணாக்குக் கரைசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் செடிக்குப் பசி இல்லை, மூச்சுமுட்டல்.

எனவே கலவை என்றாலே நான் முதலில் பார்ப்பது காற்றோட்டம். அடுத்தது தண்ணீர் வடிவது. உரம் மூன்றாவதுதான். உரம் குறைந்தால் பின்னால் கொடுத்துக்கொள்ளலாம். இறுகிப்போன பையைச் செடி இருக்கும்போது சரிசெய்ய வழியே கிடையாது.

பைக்குள் தரை மண் ஏன் எடுபடாது

வயலில் மண்ணுக்கு அடியில் இன்னும் மண் இருக்கிறது. பெய்த தண்ணீர் கீழே கீழே இழுக்கப்பட்டுப் போய்விடும். பையில் ஒரு அடியோடு எல்லாம் முடிகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் பிடித்துப் பாருங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே செங்குத்தாகத் திருப்பினால் மறுபடியும் தண்ணீர் ஒழுகும். உயரம் குறைந்தால் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது, உயரம் கூடினால் விடுகிறது. குட்டையான பைக்குள்ளும் இதேதான் நடக்கிறது: அடி மண் எப்போதும் நனைந்தே கிடக்கும். மண் எவ்வளவு நைசாக இருக்கிறதோ, அந்த ஈரப் பகுதி அவ்வளவு உயரம்.

அடியில் செங்கல் துண்டு, கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். வடியாது. நைஸ் மண்ணில் தேங்கிய நீர் கல்லுக்குள் எளிதில் இறங்காது. ஈரப் பகுதி அப்படியே கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காரும். கல் போடுகிற இடத்துக்கும் நல்ல கலவையையே போடுங்கள். ஓட்டை மண்ணால் அடைபடாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை போதும்.

எடைக்கணக்கும் உண்டு. 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள வட்டப் பை கிட்டத்தட்ட 22 லிட்டர் பிடிக்கும். வெறும் செம்மண் நிரப்பி நனைத்தால் 35 கிலோவைத் தாண்டிவிடும். கீழே சொல்லும் கலவையில் ஏறத்தாழ 20 கிலோதான். இருபது முப்பது பை வைக்கப் போகிறவர்களுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

பத்துப் பைக்கான அளவு

எடை போட்டுக் கலக்காதீர்கள். ஈரத்தைப் பொறுத்து எடை மாறிக்கொண்டே இருக்கும். ஒரே 15 லிட்டர் வாளியால் அளந்து போடுங்கள்.

- கழுவிய தென்னை நார்க்கழிவு (கடையில் கட்டியாக வரும் கோகோபீட்): 6 வாளி
- சலித்த செம்மண்: 4 வாளி
- மண்புழு உரம்: 3 வாளி
- நன்கு மக்கிய தொழு உரம்: 2 வாளி
- உமிக்கரி அல்லது பருமணல்: 2 வாளி
- வேப்பம் புண்ணாக்கு: ஒன்றரை கிலோ
- ஜிப்சம் (கால்சியம் சல்பேட் தூள்): 250 கிராம்

மொத்தம் 17 வாளி, அதாவது 255 லிட்டர். பத்துப் பைக்கு 220 தானே என்று கேட்பீர்கள். பருமனும் நைசும் கலக்கும்போது நைஸ் தூள் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். 255 லிட்டர் போட்டால் 220 பக்கம்தான் கையில் நிற்கும்.

நார்க்கழிவைக் கழுவுவது

அவசரப்படவே கூடாத இடம் இது. தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியம் அதிகம். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் சோடியமும் சேர்ந்து வரும். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளுக்கு வெளியே மலை மலையாகக் குவிந்து கிடக்கிற கழிவு, பல மழை பார்த்ததென்றால் ஓரளவு உப்பு இறங்கியிருக்கும். நம் கைக்கு வரும் கட்டி எந்த ரகம் என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் எல்லாவற்றையும் கழுவிவிடுவதே நல்லது.

5 கிலோ கட்டி ஒன்று நனைந்து உதிர்ந்தால் 60 முதல் 70 லிட்டர் வரும். 6 வாளிக்கு ஒன்றரைக் கட்டி வேண்டும். இரண்டாக வாங்குங்கள், மீதி நாற்றுத் தட்டுக்கு ஆகும். பெரிய தொட்டியில் கட்டியைப் போட்டு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்ததும் இன்னும் தண்ணீர் விட்டு மூழ்க வைத்து, மறுநாள் காலையில் பழைய வேட்டியிலோ கொசுவலையிலோ அள்ளிப் போட்டுத் தொங்கவிட்டு வடியுங்கள். முதல் தண்ணீர் கட்டங்காப்பி நிறத்தில் வரும். இரண்டாவது முறை தேநீர் நிறம். மூன்றாவதில் வெளுத்துவிடும். ஆனால் நிறம் மட்டும் போதாது, உப்புக்கு நிறம் கிடையாது. குடிநீரைச் சோதிக்கும் டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இருந்தால், வடிகிற தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 300 பிபிஎம்முக்குக் கீழே வந்துவிட்டால் போதும்.

மீட்டர் இல்லாதவர்கள் மூன்று முறைக்குக் குறையாமல் கழுவுங்கள். கடைசிக் கழுவலில் வாளிக்கு ஒரு பிடி ஜிப்சம் கரைத்து இரவு முழுக்க ஊற விட்டால், நாரைப் பிடித்துக்கொண்டிருக்கும் சோடியத்தில் ஒரு பகுதி கழன்று, அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துபோகிற தொல்லை தக்காளியில் குறைய இது ரொம்பவே உதவுகிறது. அந்தக் கறுப்பு நோய்க்கிருமியால் வருவதில்லை. கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. ஒருநாள் காய வைத்து மறுநாள் முக்கி எடுக்கிற தண்ணீர்ப் பழக்கமும் அதற்குக் காரணம்.

கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றலாமே என்று கை போகும். வேண்டாம், உப்பு அங்கே சேரும்.

செம்மண்ணைப் பார்த்து வாங்குவது

நார்க்கழிவு மட்டும் போட்டு வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. சித்திரை வெயிலில் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது, காற்றடித்தால் பை சாய்கிறது, சத்தையும் நெடுநாள் தேக்கி வைப்பதில்லை. கால் பங்கு செம்மண் இருந்தால் செடி ஊன்றி நிற்கும், இரும்பும் நுண்சத்தும் கிடைக்கும்.

மூட்டையை அப்படியே வாங்கிவிடாதீர்கள். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். ஓரிரு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒருநாள் கழித்தும் கலங்கலாக நின்று மெல்லப் படிவது களி. பாதிக்கு மேல் மணல் இருந்தால் நல்ல மண். களி அடுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் செம்மண்ணில் ஒரு வாளியைக் குறைத்து உமிக்கரியில் ஒரு வாளியைக் கூட்டுங்கள். கரிசல் பூமிக்காரர்கள் சொந்த மண்ணைப் போட ஆசைப்படுவார்கள். பைக்குள் அது காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும். பழைய கட்டடம் இடித்த இடத்து மண்ணில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். அது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

மணல் போடுவதானால் பருமணல். எம்-சாண்ட் என்றால் கழுவித் தூசியைப் போக்கிவிட்டுப் போடுங்கள். அந்தத் தூசிதான் இறுகும். கடல் மணல் கூடவே கூடாது. எனக்கு இரண்டிலும் பிடித்தது உமிக்கரி. அரிசி ஆலையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். வெள்ளைச் சாம்பலாக எரிந்துபோனது வேண்டாம், கறுப்பாக உமி வடிவம் கலையாமல் இருப்பதே வேண்டியது. எடையே இல்லை, காற்றுக்கு இடம் விடுகிறது, சீக்கிரம் மக்குவதும் இல்லை. நர்சரியில் கிடைக்கும் பெர்லைட்டும் இதே வேலையைச் செய்யும், விலைதான் ஒத்துவராது.

உரம் பழுத்ததா, பச்சையா

என் தக்காளியைக் கருக்கியது பச்சைச் சாண உரம். மேலே காய்ந்து பொடியாகத் தெரியும், உள்ளே மக்கியிருக்காது. மக்கும்போது வெளிவரும் சூடும் அம்மோனியாவும் இளம் வேரைச் சுட்டுவிடும். நல்ல தொழு உரத்தில் சாணம் எது வைக்கோல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிறம் காப்பித்தூள், வாசம் மழை விழுந்த மண். சந்தேகமாக இருந்தால் ஒரு பிடி உரத்தைக் கொஞ்சம் நனைத்து பாலிதீன் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி இரண்டு நாள் வையுங்கள். திறக்கும்போது மூக்கைப் பிடிக்க வைத்தால் இன்னும் பச்சை. மண்புழு உரத்துக்கும் இதே சோதனைதான். தேயிலைத்தூள் போல மணிமணியாக உதிர வேண்டும். சேறு மாதிரி கையில் ஒட்டினால் சலிக்காமல் கொடுத்திருக்கிறார்கள்.

தொழு உரத்தைக் கலவையில் சேர்க்கும் முன் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறுங்கள். விரல் பருமனில், வெள்ளையாக, பழுப்புத் தலையோடு அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுவைக் கண்டால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில்தான் வளரும். அதோடு சேர்ந்து வரும் வேறு வண்டுகளின் வேர்ப்புழு பைக்குள் போனால் வேரைத் தின்றுவிடும். நேற்றுவரை செழிப்பாக நின்ற கத்தரி திடீரென்று வாடும், இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வரும். நான் பரப்பி வைத்துவிட்டு அரை மணி நேரம் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். மைனாக்கள் வந்து முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

கலப்பது

ஒரு நிழலான மூலையில் தார்ப்பாய் விரியுங்கள். முதலில் செம்மண்ணும் வேப்பம் புண்ணாக்கும் ஜிப்சமும் உலர்ந்த நிலையிலேயே கலக்க வேண்டும். தூள் சரக்கு உலர்ந்த மண்ணில்தான் சமமாகப் பரவும். ஈர நாரில் போட்டால் உருண்டை கட்டும். அப்புறம் இரண்டு உரங்களும், உமிக்கரியும். கடைசியாக, பிழிந்த ஈரத்தோடு நார்க்கழிவு. மம்பட்டியால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு முறை, மறுபடி இந்தப் பக்கம் ஒரு முறை என்று மூன்று தடவை புரட்டுங்கள். தார்ப்பாயின் இரண்டு மூலையைப் பிடித்து ஆள் மாற்றி ஆள் உருட்டினால் இன்னும் சுலபம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதற்குக் கூப்பிடவே வேண்டாம், தானாக வந்துவிடுவார்கள்.

வேப்பம் புண்ணாக்கு ஏன் என்றால், அதில் ஏறத்தாழ 5 சதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது, மெதுவாக விடும், வேரில் முடிச்சு போடுகிற நூற்புழுவையும் ஓரளவு அடக்கும். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து இன்னும் அதிகம். ஆனால் கலவையில் போட்டால் எறும்பும் எலியும் தேடி வரும். அதைப் புளிக்க வைத்துக் கரைசலாகப் பின்னால் கொடுப்பதே சரி. எலும்புத் தூளும் எல்லாக் குறிப்பிலும் வருகிறது. அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அமில மண்ணில்தான் நன்றாகக் கரையும். நம்மில் பலர் ஊற்றுவது கார போர்த் தண்ணீர். அதில் எலும்புத் தூள் கரையாமல் அப்படியே கிடக்கும். அதே காரணத்துக்காக அடுப்புச் சாம்பலையும் நான் சேர்ப்பதில்லை, அது காரத்தை ஏற்றும்.

ஈரம் பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் குவியலாகக் கூட்டி, நனைந்த சாக்கு போட்டு மூடுங்கள்.

ஆறப்போடும் நாலு வாரம்

இரண்டாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். புண்ணாக்கு மக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாலு நாளுக்கு ஒரு முறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்து மூடுங்கள். குளோரின் வாடை வரும் குழாய்த் தண்ணீரை ஒரு இரவு திறந்த வாளியில் வைத்துப் பயன்படுத்தலாம். மேலே வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது மக்க வைக்கிற பூஞ்சை.

கலந்த அதே நாளில் இன்னொரு வேலையும் தொடங்க வேண்டும். வேரழுகலைத் தடுக்கிற நல்ல பூஞ்சையான டிரைகோடெர்மா விரிடி 200 கிராமை 4 கிலோ ஈரத் தொழு உரத்தில் கலந்து, நிழலில் சாக்கால் மூடி 15 நாள் வையுங்கள். உரத்தில் அது பெருகும். அதற்குள் பெரிய குவியலின் சூடும் தணிந்திருக்கும். அப்போது இதையும், உயிர் உரங்களான அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து தரும் பாக்டீரியா), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைக்கும் பாக்டீரியா) தலா 100 கிராமையும் சேர்த்துக் கலந்துவிடுங்கள். சூடாக இருக்கும்போதே போட்டால் கொடுத்த காசு வீண். வேளாண் விரிவாக்க மையங்களில் இவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தளை (பொருள் தொகுப்பு) கிடைத்தால் அதிலும் உயிர் உரம் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கே வாங்கினாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர்.

நாலாவது வாரம் வெந்தயச் சோதனை. இரண்டு டம்ளர்: ஒன்றில் கலவை, மற்றொன்றில் கழுவிய நார்க்கழிவு மட்டும். ஒவ்வொன்றிலும் பத்து வெந்தயம். ஐந்தாம் நாள் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். கலவையில் எட்டு விதையாவது முளைத்து, வேர் வெள்ளையாக நீண்டிருந்தால் நாற்று நடலாம். முளைப்பு குறைந்தாலோ வேர் நுனி பழுப்பாகி நின்றாலோ இன்னும் ஒரு வாரம். பொறுக்க முடியாமல் ஒருமுறை இந்தச் சோதனையைத் தாண்டினேன், ஆறு மிளகாய் நாற்று போயிற்று.

பையில் நிரப்புவது

கையால் அமுக்காதீர்கள். தளர்வாக நிரப்பி, பையைத் தூக்கி இரண்டு முறை தரையில் தட்டினால் போதும். மேலே இரண்டு அங்குலம் காலி விடுங்கள். நடுவதற்கு முந்தைய நாள் முழுக்க நனைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடி ஓட்டையில் ஒழுக ஆரம்பிக்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் அந்தப் பையை மட்டும் கொட்டி, உமிக்கரி சேர்த்துத் திரும்ப நிரப்புங்கள். சோம்பல் படாதீர்கள், ஐந்து மாதத்துக்கான செடி அது. பைகளை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். மேல் மண்ணைக் காய்ந்த இலையாலோ தேங்காய் நாராலோ இரண்டு விரல் கனத்துக்கு மூடுங்கள்.

இந்த அளவு தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்குப் பொருந்தும். கீரைக்கு வேப்பம் புண்ணாக்கைப் பாதியாக்கலாம். முள்ளங்கி, கேரட்டுக்கு எல்லாவற்றையும் சலித்து, மணலை ஒரு வாளி கூட்டுங்கள். கட்டி தட்டினால் கிழங்கு இரண்டாகப் பிரியும். எலுமிச்சை, கறிவேப்பிலை மாதிரி வருடக்கணக்கில் நிற்பவைக்கு நார்க்கழிவைக் குறைத்துச் செம்மண்ணை 6 வாளியாக்குங்கள், ஏனென்றால் நார் மக்க மக்க மண் இறங்கிக்கொண்டே போகும். நாற்றுத் தட்டுக்கு நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. அதில் புண்ணாக்கே கூடாது.

நட்ட முதல் மாதம் வேறு எதுவும் தர வேண்டியதில்லை. பூ எடுக்கும்போது பைக்கு இரண்டு பிடி மண்புழு உரம், பத்து நாளுக்கு ஒரு முறை 3 சதப் பஞ்சகவ்யா தெளிப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதற்கு மேல் வேண்டாம்.

அடுத்த பட்டத்துக்கு

காய்ப்பு ஓய்ந்ததும் மண்ணைத் தூக்கி எறியாதீர்கள். செடியை வேரோடு பிடுங்கி முதலில் வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு வந்திருக்கிறது. அந்தப் பை மண்ணைத் தனியாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் இறுக்கி மூடி, சித்திரை, வைகாசி வெயிலில் ஆறு வாரம் போடுங்கள். பிறகு அதில் செண்டுமல்லி வையுங்கள், தக்காளிக் குடும்பத்தை ஒரு வருடமாவது வைக்க வேண்டாம். முடிச்சில்லாத மண்ணை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, பெரிய வேரைப் பொறுக்கி, நாலு வாளிக்கு ஒரு வாளி மண்புழு உரமும், பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, மறுபடி மூன்று வாரம் சாக்கு போட்டு மூடி வையுங்கள். என்னிடம் இப்போது இருக்கும் மண்ணில் பெரும்பகுதி ஆறு வருடம் ஆனது. புதிதாகக் கலந்ததைவிட அதில்தான் கத்தரி நன்றாக வருகிறது.